இல்லமும் நலமும்: பகல் காட்டாத மூச்சுக்குறை



சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி என் மூத்த அக்கா வசிக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர்கள். அந்தப் புகை நுரையீரலைக் கெடுத்து, அதற்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் அழுத்தத்தையும் ஏற்றிவிட்டதாக எக்கோ பரிசோதனைக்குப் பின் மருத்துவர் கூறியிருந்தார். (கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் வேறு, இது வேறு.) சென்ற ஆண்டு அக்காவுக்கு ஒரே முறையீடு: சுப்ஹு தொழுகைக்கு எழும்போது தலை பாரம், இரவில் திடுக்கிட்ட விழிப்பு, பகலெல்லாம் அசதி. நானோ, 2021-இல் கொரோனாவுக்காக வாங்கிய ஆக்சிமீட்டரை அவர்கள் விரலில் மாட்டி, 94 எனக் கண்டு, "கவலைப்படாதீங்க அக்கா, மூச்சு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வந்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு, பகலில் பார்த்த எண் இரவுக்குச் சாட்சியாகாது என்பது தெரியவில்லை.

பின்னர் மருத்துவர் ஒரு பதிவுக் கருவியைக் கொடுத்து, இரவு முழுதும் விரலில் மாட்டியிருக்கச் செய்தார். பின்னிரவில் எண் 82 வரை இறங்கி, நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தது.

உறக்கத்தில் எல்லோருக்குமே மூச்சின் ஆழம் சற்றுக் குறையும். கனவு காணும் உறக்கத்தில் விலாத் தசைகள் தளர்ந்துவிட, உதரவிதானமே ஏறத்தாழ முழுச் சுமையையும் தாங்குகிறது. அவ்வகை உறக்கம் விடியலை ஒட்டியே மிகுதி. நலமுள்ளவருக்கு இதனால் கேடில்லை. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு, 90-க்குக் கீழே சரிவு செங்குத்தானது.

மற்ற உறுப்புகளில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலிலோ அவை சுருங்கும். 1946-இல் வான் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர் பூனைகளிடம் ஆய்ந்து இதனை எடுத்துரைத்தனர். காற்றுப் புகாத மூலைக்கு இரத்தத்தை வீணே அனுப்பாதிருக்கும் அருமையான ஏற்பாடு! ஆயினும் நுரையீரல் முழுதும் பிராணவாயு குன்றும்போது எல்லாக் குழாய்களும் ஒருங்கே இறுகுகின்றன; முன்பே களைத்திருக்கும் வலப்பக்க இதயம் இரவெல்லாம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளுகிறது.

இது புகையால் கெட்ட நுரையீரலுக்கு மட்டும் உரியதன்று. காரணம் புலப்படாமலே இவ்வழுத்தம் மிகுந்த 13 பேரை ஆராய்ந்து 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 10 பேருக்கு உறக்கத்தில் பிராணவாயு குறைந்திருந்தது.

ஆகவே இந்நோயுள்ளவர் வீட்டில் இருந்தால், காலைத் தலைவலியையும் குறட்டையையும் மருத்துவரிடம் சொல்லி, இரவுப் பதிவு வேண்டுமா எனக் கேளுங்கள். தாமாகவே சிலிண்டர் வாங்கி வைக்காதீர்கள். சிலருக்கு அளவு மீறிய பிராணவாயு கரியமில வாயுவை உடலில் தேக்கிவிடும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவருக்குத் தேவைப்படுவது காற்றை அழுத்தித் தரும் வேறு கருவியாக இருக்கலாம். தூக்க மாத்திரை மூச்சை மேலும் மந்தமாக்கலாம். மருதாணி கறுத்துப் படிந்த விரலைத் தவிர்த்து வேறு விரலில் அளவெடுங்கள்.

தாம்பரம் சானடோரியம் என்றதும் காசநோய் எனக் கூசுவோர் இன்னும் உளர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய அவ்விடம், இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. நம்மூர் ரயிலிலேயே சென்று வரலாம்.

அக்கா இப்போது மருத்துவர் குறித்த அளவில் இரவில் மட்டும் பிராணவாயு பெறுகிறார்கள். அதனருகே நெருப்பு ஆகாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணித் தட்டு அவர்கள் வீட்டில் படியேறுவதில்லை.