சம்பளச் சீட்டு இல்லாத வேலையும் வேலைதான்

நம் வீடுகளில் வேலை என்றால் காலையில் கிளம்பிப் போக வேண்டும், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வர வேண்டும். வீட்டில் கணினியின் முன் அமர்ந்து சம்பாதிப்பவரை, “இன்னும் நல்ல வேலை அமையவில்லை” என்றே உறவினர்களிடம் சொல்கிறோம். சிலிபினில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஐந்து ஆண்டுகளாகச் சொந்தமாக அகப்பக்கங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறார். அவருக்கும் இந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. நானும் பல்கலைக்கழக விடுமுறைகளில் அவருக்கு உதவியாக வேலை செய்கிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இத்தொழிலில் வடிவமைப்புக்குச் செலவாகும் நேரம் பாதிகூட இல்லை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்பவர் அகப்பக்கம் கேட்டால், முதலில் அவருடைய பொருள்களின் பட்டியலையும் விலையையும் வாங்க வேண்டும்; படம் எடுக்க வேண்டும்; தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுத வேண்டும். பக்கம் தயாரான பிறகு திருத்தங்கள் வரும். ஆண்டுதோறும் இணைய முகவரியைப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் புலனத்தில் ஒரு செய்தி வரும்: “தம்பி, சின்ன வேலைதானே, நாளைக்கு முடிச்சுக் கொடுத்துடு.” இரவு பதினொரு மணிக்கு வரும் அந்தச் சின்ன வேலைக்குத் தனியாகப் பணம் கேட்டால், “தெரிந்தவர்களிடமே கணக்குப் பார்க்கிறாயா?” என்பார்கள்.

ஆனாலும் அண்ணன் இதை விடவில்லை. அவருக்கு எழுத்து வடிவங்களின் மேல் பெரிய ஆசை. ஈப்போவின் பழைய கடைகளில் கையால் எழுதிய பெயர்ப்பலகைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார். தமிழ் எழுத்துகளுக்கு வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மலாயில் ‘ஹுபுங்கி’ என்று சுருக்கமாக அடங்கும் பொத்தான், தமிழில் ‘தொடர்புகொள்ளவும்’ என்று நீளும். மலாய்க்கு அளந்த பெட்டியில் தமிழைத் திணித்தால் சொல் பாதியில் உடையும். தமிழ் தெரிந்த வடிவமைப்பாளருக்கே இது முதலில் கண்ணில் படும். தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன நமக்கு இருக்கும் மொழியறிவு, இத்தொழிலில் காசாகக்கூடிய திறன்.

இந்த நாட்டில் இதற்கு நல்ல முன்னோடியும் உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். இணையம் பொதுமக்களிடம் வராத காலம் அது. கணினியில் தமிழைத் தட்டச்சு செய்வதே அப்போது பெரிய காரியம். அவருடைய முரசு அஞ்சல் பிறகு உலகெங்கும் தமிழர்களிடம் பரவியது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. மலேசியாவில் இருந்துகொண்டே உலகத்துக்கு வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திறமை மட்டும் போதுமா? போதாது. சம்பள வேலையில் முதலாளி பார்த்துக்கொள்ளும் காரியங்களைச் சொந்தத் தொழிலில் நாமே பார்க்க வேண்டும். கல்லூரியில் வடிவமைப்பு சொல்லித் தருகிறார்கள். இவற்றைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

முதலாவது, பதிவு. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கி 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் (எஸ்.எஸ்.எம்.) பதிய வேண்டும். இரண்டாவது, எழுத்து ஒப்பந்தம். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுச் செய்துகொடுக்கும் படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவருக்கே போய்ச் சேரும். இது தெரியாமல் தாம் வரைந்த சின்னம் தமக்கே சொந்தம் என்று நினைப்பவர்கள் பலர்.

மூன்றாவது, பாதுகாப்பு. சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. முதலில் டாக்சி, மின் அழைப்பு வாகன ஓட்டுநர்களுக்கு இருந்த சொக்சோ திட்டம், 2020-இல் மற்ற துறைகளுக்கும் விரிந்தது. ஓய்வுக்காலத்துக்கு ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில், நாம் செலுத்தும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் கூடுதலாகப் போடும் என அறிவிக்கப்பட்டது. நான்காவது, கணக்கு. தொழில் வருமானம் உள்ளவர்கள் ‘பி’ பாரத்தில் வருமானத்தை அறிவிக்க வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர் வங்கியில் வீட்டுக் கடனோ காருக்குக் கடனோ கேட்கும்போது, கைகொடுப்பவை இந்தப் பாரமும் கணக்கும்தான்.

அண்ணனுக்குக் கடந்த ஆண்டு ஒரு கடைக்காரர் மூன்று மாதம் பணம் கொடுக்கவில்லை. முன்பணமும் கையெழுத்திட்ட தாளும் இருந்ததால், வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை மனு போடலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். மனு போடத் தேவைப்படவில்லை. மறு வாரமே பணம் வந்தது. தாள் இல்லாமல் வேலை செய்யும் எத்தனையோ பேருக்கு அந்தப் பணம் வந்திருக்காது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டங்களை விட்டு ஈப்போவுக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாம். படித்து முடித்ததும் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போவதுதான் வழி என்று எண்ணுகிறோம். போவது தவறில்லை. ஆனால் வயதான பெற்றோருடன் சிலிபினிலேயே இருந்து பிழைக்க விரும்புபவருக்கும் ஒரு வழி வேண்டும். அது நிலைக்க, மூன்று தரப்பும் மாற வேண்டும். பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கங்கள் விருந்து நிகழ்ச்சிகளோடு, பதிவு, ஒப்பந்தம், சொக்சோ பற்றி ஒரு நாள் பட்டறையும் நடத்தலாம். நம் வியாபாரிகள் முன்பணம் கொடுக்கப் பழகலாம். வெளியாருக்குத் தரும் விலையை நம் பிள்ளைகளுக்கும் தரலாம். பெற்றோர், “நல்ல வேலை எப்போது?” என்பதற்குப் பதில், “இந்த மாதம் எத்தனை வேலை வந்தது?” என்று கேட்கலாம்.

படிவம் ஐந்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, இத்துறையில் ஆசை இருந்தால் வடிவமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் ஒரு விலைப்பட்டியலும் ஓர் ஒப்பந்தத் தாளும் எழுதிப் பழகுங்கள். தமிழில் தட்டச்சு செய்யவும் பழகுங்கள். உங்களைத் தேடி வரும் முதல் வாடிக்கையாளர் ஒருவேளை உங்கள் தெருமுனைக் கடைக்காரராகவே இருக்கலாம்.