ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரை நம்பாதீங்க, நம்பரைப் பாருங்க!

காலேஜ் ஃபீஸ் கட்டியாச்சு, ஹாஸ்டல் அட்வான்ஸும் கொடுத்தாச்சு. கையில் மிச்சம் இருப்பது 20,000 ரூபாய். இதற்குள் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வேண்டும். பல வீடுகளில் இப்போது இதுதான் நிலைமை.

இந்தப் பணத்துக்கு ஷோரூமில் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் செலரான் பிராசஸரும் குறைந்த ரேமும் கொண்ட மாடல்கள்தான். நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். அதே பணத்தை ரீஃபர்பிஷ்டு பக்கம் கொண்டுபோனால், சில வருடங்களுக்கு முன்பு ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனி நல்ல விலை கொடுத்து வாங்கிய பிசினஸ் லேப்டாப் கிடைக்கும். லெனோவா திங்க்பேட், டெல் லேட்டிடியூட், ஹெச்.பி. எலைட்புக் ஆகியவை இந்த வகை. கம்பெனிகள் இவற்றைப் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்து, காலம் முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருப்பவற்றில் நிறைய இப்படி வந்தவைதான். உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை, உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு இவைதான் முதல் சாய்ஸ்.

ஆனால், 'ரீஃபர்பிஷ்டு' என்ற வார்த்தைக்குக் காவல்காரர் யாரும் இல்லை. பழுது பார்த்து, பரிசோதித்து விற்பவரும் அந்தப் பெயரில்தான் விற்கிறார். துணியால் துடைத்து வைத்து விற்பவரும் அதே பெயரில்தான் விற்கிறார். 'ஏ கிரேடு', 'பி கிரேடு' என்பதெல்லாம் பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குக் கடைக்காரர் போடும் மார்க். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

ஐ7 என்றால் உசத்தியா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். "ஐ7 மேடம், 14,000-தான்" என்பார்கள். ஆனால், அது எந்தத் தலைமுறை ஐ7 என்பதுதான் கேள்வி. இன்டெல் பிராசஸர் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-4600யு என்றால் 4-ம் தலைமுறை. ஐ5-8350யு என்றால் 8-ம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் 11-ம் தலைமுறை. 4-ம் தலைமுறை ஐ7-ஐ விட 8-ம் தலைமுறை ஐ5 பல மடங்கு புத்திசாலித்தனமான தேர்வு.

காரணம் வேகம் மட்டும் அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, 8-ம் தலைமுறையாவது வேண்டும். ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசைக்கு மேல் பாருங்கள். பழைய மெஷினிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுக்கிறார்கள். ஓடும்தான். ஆனால், பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அதே லேப்டாப்பில்தானே அப்பா பேங்க் அக்கவுன்ட்டைத் திறக்கப் போகிறார்? மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை விடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் உண்மையான பிராசஸர் பெயர் தெரிந்துவிடும்.

ரேம் 8 ஜிபி, ஸ்டோரேஜ் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இதற்குக் கீழே இறங்க வேண்டாம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். திரை 1920-க்கு 1080 இருந்தால் பாடம் பார்க்கும் பிள்ளையின் கண்ணுக்கு நல்லது. 1366-க்கு 768 திரைகள் இன்னும் நிறைய உலவுகின்றன, கேட்டு வாங்குங்கள்.

கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள்

கடைக்காரர் அவசரப்படுத்தினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

முதலில் பேட்டரி. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, சேர்த்து 'பேட்டரிரிப்போர்ட்' என்று அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். பேட்டரி புதிதாக இருந்தபோதான கொள்ளளவும், இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அதில் இருக்கும். 50,000 இருந்தது 40,000 என்றால் 80 சதவிகிதம், தாராளமாக வாங்கலாம். பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். டச்பேட் மேலே எழும்பியோ, அடிப்பாகம் உப்பியோ இருந்தால் பேரமே வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

அடுத்தது பூட்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஆன் செய்ததும் டெல்லில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1, ஹெச்.பி.யில் எஃப்10 அழுத்தினால் பயாஸ் திறக்கும். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். பிறகு, விண்டோஸை முழுவதும் ரீசெட் செய்து, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் நேரம் ஆகும், பரவாயில்லை, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பழைய கம்பெனியின் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாத மெஷின் என்றால், திரையில் அந்தக் கம்பெனியின் பெயர் வந்து அலுவலக லாகின் கேட்கும். வீட்டுக்கு வந்த பிறகு இது தெரிந்தால், 20,000 ரூபாய்க்கு வாங்கிய பேப்பர் வெயிட்தான்.

ஆக்டிவேஷன் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் நல்லது. ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை என்று காட்டினால், திருட்டு விண்டோஸாக இருக்க வாய்ப்பு அதிகம். 'ஆபீஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்' என்பதும் அதே கதைதான். லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழ் மெனுவோடே கிடைக்கிறது.

வெப்கேம், மைக், எல்லா கீ, எல்லா யு.எஸ்.பி. துளை, கீல் ஆடுகிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். சில மெலிதான மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

8-ம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள மெஷின்கள் கண்டிஷனைப் பொறுத்து சுமார் 15,000 முதல் 25,000 ரூபாய் வரை விற்கின்றன. ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பரும் வாரன்டி மாதங்களும் எழுத்தில் இருக்கட்டும். பில் இல்லாமல் 1,000 ரூபாய் குறைத்துக் கொள்கிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரச்னை வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்தத் தாள்தான் கை கொடுக்கும். ஆன்லைனில் வாங்குபவர்கள் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்துவிட்டு, பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து, மேலே சொன்ன சோதனைகளை அந்த நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஒன்று பாக்கி. கடைக்குக் கிளம்பும் முன் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். 'ஸ்லோ ஆயிடுச்சு' என்று மூலையில் போட்ட லேப்டாப்பில் 8-ம் தலைமுறை பிராசஸரும் ஹார்டு டிஸ்க்கும் இருந்தால், ஓர் எஸ்.எஸ்.டி. மாட்டினாலே வேலை முடிந்துவிடலாம். அதைவிடப் பழையது என்றால், எஸ்.எஸ்.டி.யோடு லினக்ஸ் மின்ட் ஏற்றிப் பார்க்கலாம். பாட்டி யூடியூப் பார்க்கவும், பிள்ளை அசைன்மென்ட் டைப் அடிக்கவும் அது போதும்.