“முடியட்டும்” என்னும் சொல்

“படிப்பு முடிந்தபின் யாது செய்வீர்?” என வினவாதார் இலர். தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்த எம்மனோரிடம் இவ்வினா சிறிது இரக்கத்தோடும் கேட்கப்படுகின்றது. உத்தியோகத்தை விரும்புதல் குற்றமென்று யாம் கூறோம். கடன்பட்டுக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோரைத் தாங்குதல் மக்களின் கடமையே. ஆயின், அவ்விருப்பம் மற்றெல்லாவற்றிற்கும் முன்னே நிற்கத் தொடங்குமாயின் அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதற்கு ஆங்கில நாட்டுத் தாமஸ் ஊல்ஸியின் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும். இப்ஸ்விச் நகரத்து இறைச்சி வணிகர் ஒருவரின் மைந்தர் என்பர். கல்வியாலும் அயரா உழைப்பாலும் உயர்ந்து, 1514-இல் யார்க் பேரத்தியட்சரானார். மறு ஆண்டிலே கார்டினல் பட்டமும், எட்டாம் ஹென்றி மன்னரின் சான்சலர் பதவியும் அவரை வந்தடைந்தன. ஆயினும், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் தமது அத்தியட்சாதீனத்தில் அடியெடுத்து வைத்தாரல்லர். மேய்ப்பன் என்னும் பெயர் இருந்தது; மந்தையின் முகத்தை அவர் அறிந்திலர்.

அரசரின் திருமணத்தை நீக்கும் தீர்ப்பினைப் போப்பரசரிடமிருந்து பெற்றுத்தர இயலாமையால், 1529-இல் சான்சலர் பதவியை இழந்தார். 1530-இல் வடதிசை சென்று எளியாரோடு பழகினார். சிறுவர் பலர்க்குத் திடப்படுத்தல் செய்தார். பதவி போன பின்னரே தம் பணியைக் கண்டடைந்தார்! அந்தோ, காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் இராசத்துரோகக் குற்றத்திற்காகச் சிறைப்பட்டு, இலண்டன் செல்லும் வழியில் லெஸ்டர் மடத்திலே உயிர்நீத்தார். அரசர்க்கு உழைத்தவாறு ஆண்டவர்க்கு உழைத்திலேனே என இறுதியில் அவர் இரங்கியதாக, அவருடைய பணியாளர் கவெண்டிஷ் எழுதிய சரிதம் கூறும்.

நாம் சான்சலராகப் போவதில்லையே எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும், ஊல்ஸியின் பிழை சிறிய அளவில் நம் விடுதியறையிலேயே தொடங்குகின்றது. தொலைபேசியில் அன்னை அழைத்தால், “பரீட்சை முடியட்டும்” என்கின்றோம். தோழன் நோயுற்றால், “நேர்காணல் முடியட்டும்” என்கின்றோம். பரீட்சைக்குப் பின் நேர்காணல், அதன்பின் பதவி, அதன்பின் பதவியுயர்வு. “முடியட்டும்” என்னும் சொல்லுக்கு முடிவேயில்லை. யாருக்காக உழைக்கின்றோம் என்கின்றோமோ, அவர் அதற்குள் மூப்படைந்து விடுகின்றனர். வீட்டிற்காகத் தேடிய உத்தியோகத்திற்கு வீட்டையே பலியிடுதல் அறிவாகுமோ?

ஆகவே, உத்தியோகத்தை நாடுவோம். அதனை உரிய இடத்தில் வைத்து நாடுவோம். இன்று மாலை அன்னை அழைப்பாராயின், புத்தகத்தை மூடிவைத்து விடையளிப்போமாக.