20 வளைவும் 4 நிமிடமும்

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பார்கள். சனிக்கிழமை ஆபீசுக்கு டாட்டா காட்டிவிட்டு, நாலு பைக்கில் எட்டுப் பேராகக் கிளம்பும் பிரம்மச்சாரிகளுக்கு அது சொர்க்கம். சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏரியில் படகு, பகோடா பாயிண்ட்டில் போட்டோ, சுடச்சுட பஜ்ஜி. யாருடைய இதயமாவது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அந்த எட்டுப் பேரில் ஒருவரும் யோசிப்பதில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காபி எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் யோசித்திருக்கிறார். "ஏன் தம்பி, நின்ன இதயத்தை மறுபடி ஓட வெச்சாலும், ரத்தத்தைப் பார்த்தே ஆள் தேறுவானா மாட்டானான்னு சொல்லிடறாங்களாமே, நெசமா?" என்றார்.

நான் வெறும் பி.காம். ஆனால் இந்த விஷயத்துக்கு வரவு-செலவு தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஹார்ட் அட்டாக் என்பது குழாய் அடைப்பு. ஆள் பேசிக்கொண்டுதான் இருப்பார். கார்டியாக் அரெஸ்ட் என்பது பம்ப்பே நின்றுபோவது, ஆள் சாய்ந்துவிடுவார். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம்.

நம் ரத்தத்தில் உறைவது ஒரு கணக்கு, கரைவது இன்னொரு கணக்கு. சாதாரண நாளில் இரண்டும் டாலி ஆகும். இதயம் நின்றதும் ரத்தம் தேங்குகிறது. பிராணவாயு கிடைக்காமல் ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுகிறது. எங்கோ காயம் பட்டுவிட்டது என்று நினைத்து உடம்பு ஃபைப்ரின் என்ற நூலால் வலை பின்ன ஆரம்பிக்கிறது. கரைக்கும் இலாகா அந்த வேகத்துக்கு ஈடு கொடுப்பதில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் டாக்டர்கள் 1995-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

அந்த வலையை உடம்பு அறுக்கும்போது விழும் துண்டுதான் டி-டைமர். கொரோனா காலத்து லேப் பில்லில் பார்த்திருப்பீர்களே, அதேதான். மீண்டும் இதயம் துடிக்கத் தொடங்கியவர்களில் டி-டைமர் எகிறியிருப்பவர்கள் பிழைப்பது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

"அப்போ உறைஞ்சதைக் கரைச்சுட்டாப் போச்சு!" என்று தோன்றும். ஐரோப்பாவில் செய்தே பார்த்தார்கள். 1,050 பேரில் ஒரு பாதிக்குக் கட்டி கரைக்கும் மருந்து, மறு பாதிக்கு வெறும் மருந்துபோல ஒன்று. 2008-ல் முடிவு வந்தது. பிழைத்தவர் கணக்கில் சொல்லும்படி வித்தியாசமில்லை.

ஆக, டி-டைமர் ஒரு பில் மாதிரி. எத்தனை நிமிடம் வீணாயிற்று என்பதற்கான பில். பில்லைத் திருத்தினால் செலவு குறைந்துவிடுமா? தவிர, காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன் என்று எதற்கெடுத்தாலும் அது ஏறும். அதனால் அதை மட்டும் நம்பி எந்த டாக்டரும் கையை விரிப்பதில்லை. குறைந்தது 72 மணி நேரம் பொறுத்து, கண்மணியில் டார்ச் அடித்து, ஸ்கேன், மூளை அலைப்பதிவு எல்லாம் பார்த்துத்தான் பேசுவார்கள்.

குறைக்க வேண்டியது நிமிடங்களை. ரத்தம் போகாவிட்டால் நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாக ஆரம்பிக்கிறது. யாரும் எதுவும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் சரிகிறது. 108 டிரைவர் சூரப்புலியாகவே இருக்கட்டும். 20 வளைவை நாலு நிமிடத்தில் முடிக்க அவர் ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டும்.

ஆகவே சாய்ந்தவர் அசையவில்லை, மூச்சு சரியில்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் போடுங்கள். இன்னொருவர் நடு மார்பில் உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். கை சளைத்தால் ஆள் மாற்றுங்கள். வாயோடு வாய் வைக்க வேண்டுமே என்ற கூச்சமும் வேண்டாம். பொதுமக்கள் அழுத்தினால் மட்டும் போதும் என்று இந்திய மயக்கவியல் டாக்டர்களே 2017-ல் முறை வகுத்துவிட்டார்கள்.

நெஞ்சுவலியோடு நிற்கும் கட்டத்திலும் சேலம் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்ப, தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டுவந்தது.

அடுத்த முறை எட்டுப் பேர் மலையேறும்போது, இரண்டு பேராவது அழுத்தக் கற்றுக்கொண்டு வாருங்கள். பஜ்ஜிக்கு யார் காசு கொடுப்பது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.