ஏழே முக்காலும் எட்டு கழித்தல் காலும்

எழுபதைத் தாண்டியவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று அடையாறு காந்தி நகரில் என்னோடு காலையில் நடக்க வருகிறவர்கள் கேட்பதுண்டு. மகள் குடும்பத்தோடு மாட்ரிட்டில் இருக்கிறாள், பேத்தி அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று பதில் சொல்வேன். ஆனால் ஒரு வருஷமாகப் படித்ததில் ஸ்பானிஷைவிடத் தமிழைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். குறிப்பாக, நாம் மணி சொல்லும் தமிழைப் பற்றி. அந்தத் தமிழ் நம் வீடுகளிலிருந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் போகவிடக் கூடாது என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

முதலில் ஸ்பானிஷில் மணி எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். மணி என்ன என்று கேட்க ‘கே ஓரா எஸ்?’ என்பார்கள். ஒரு மணி என்றால் ‘எஸ் லா ஊனா’, அது ஒருமை. இரண்டு முதல் பன்னிரண்டு வரை ‘சோன் லாஸ்’ என்று தொடங்க வேண்டும், அது பன்மை. அவர்கள் மொழியில் மணி என்பது பெண்பால், அதனால்தான் லா, லாஸ். நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒன்றானாலும் பன்னிரண்டானாலும் ‘மணி ஆச்சு’ என்று முடித்துவிடுகிறோம்.

ஏழே கால் அவர்களுக்கு ‘சியெத்தே இ குவார்த்தோ’, அதாவது ஏழும் காலும். ஏழரை ‘சியெத்தே இ மேதியா’, ஏழும் அரையும். இதுவரை நம்ம ஊர் மாதிரியேதான். அரை தாண்டியதும் கணக்கு மாறுகிறது. ஏழே முக்காலுக்கு ‘ஓச்சோ மேனோஸ் குவார்த்தோ’ என்கிறார்கள். எட்டு கழித்தல் கால்! ஏழு ஐம்பது என்றால் எட்டு கழித்தல் பத்து. மெக்சிகோ போன்ற நாடுகளில் கழிக்காமல், ‘எட்டுக்குக் கால்’ என்கிற மாதிரிச் சொல்வார்கள். ஜெர்மன்காரர்களோ ஏழரையை ‘அரை எட்டு’ என்கிறார்கள். ஸ்பெயினிலேயே பார்சிலோனா பக்கம் பேசும் கத்தலான் மொழியில் அதே ஏழரை ‘எட்டின் இரண்டு கால்’ ஆகிவிடுகிறது.

இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் நம் வழி எவ்வளவு சீரானது என்று தெரிந்தது. நாம் எங்கேயும் கழிப்பதில்லை. ஏழு, ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால், பிறகு எட்டு. பாத்திரத்தில் தண்ணீர் நிரம்புவது போல மணி ஏறிக்கொண்டே போகிறது. ‘எட்டாக அஞ்சு நிமிஷம் இருக்கு’ என்று நாமும் சொல்வதுண்டு. ஆனால் கால் கணக்கில் கூட்டல் மட்டும்தான். எழுபது வருஷமாக வாயில் புழங்குகிற சொல்லை, பக்கத்து வீட்டுச் சொல்லோடு சேர்த்து வைத்துப் பார்க்கிற வரையில் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர்களுடைய ‘ஓரா’வும் நம் பஞ்சாங்கத்தில் இருக்கிற ஓரையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. குரு ஓரை, சுக்கிர ஓரை என்று பார்த்து நல்ல காரியம் தொடங்குகிறோமே, அந்த ஓரைதான். கிரேக்க மொழியிலிருந்து லத்தீன் வழியாக அது ஸ்பெயினுக்குப் போயிற்று, சமஸ்கிருத ஜோதிட நூல்கள் வழியாக நம்மிடம் வந்தது என்பது மொழி ஆராய்ச்சியாளர்களின் முடிவு. ‘அஹோராத்ரம்’ என்ற சொல்லின் தலையும் வாலும் உதிர்ந்து ‘ஹோரா’ ஆனது என்கிற விளக்கமும் நம் ஜோதிடத்தில் உண்டு. கிழமைகளிலும் இதே உறவு தெரிகிறது. திங்கள் அவர்களுக்கு ‘லூனெஸ்’, நிலாவின் நாள். செவ்வாய் ‘மார்த்தெஸ்’, செவ்வாய்க் கிரகத்தின் நாள். புதன், வியாழன், வெள்ளியும் அப்படியேதான். சனியும் ஞாயிறும் மட்டும் மதத்தின் பக்கம் போய்விட்டன.

நடு இரவுக்குப் பிறகு விடியும் வரையிலான நேரத்துக்கு அவர்களிடம் ‘மத்ருகாதா’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு அன்றாடம் புழங்கும் ஒற்றைச் சொல் கிடையாது, ‘ஏ.எம்.’ போட்டுச் சமாளிக்க வேண்டும். தமிழில்? வைகறை இருக்கிறது. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து வைத்தவர்கள் நாம். கோயிலில் இன்றைக்கும் அர்த்தஜாம பூஜை நடக்கிறது. வீட்டிலோ ‘ஏர்லி மார்னிங்’ என்கிறோம்.

கடிகாரத்தை அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்பெயினில் 1940-ல் ஃபிராங்கோ அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது, பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால்தான் மாட்ரிட்டில் ஜூன் மாதம் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெயில் அடிக்கிறது. நம்ம ஊரிலும் இது நடந்திருக்கிறது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக்கூடத்தின் கணக்குப்படி கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால் இருந்தது சென்னை நேரம். ரயில்வே அட்டவணைகள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906-ல் இந்திய நேரம் ஐந்தரை மணி என்று வந்ததும் நம் கடிகாரம் சுமார் 9 நிமிஷம் முன்னால் போயிற்று. அப்போது ஊரில் யாரும் ஏழே முக்கால் என்று சொல்வதை நிறுத்தவில்லை. முள்ளை நகர்த்துவது அரசாங்கத்தின் வேலை என்றால், மணி சொல்லும் சொல்லைக் காப்பாற்றுவது வீட்டின் வேலை.

அந்த வேலையை நாம் செய்கிறோமா? போன குளிர்காலத்தில் ஒரு நாள் என் மனைவி பேத்தியிடம், “சனிக்கிழமை எங்க ஊர் நேரம் ஏழே முக்காலுக்குக் கூப்பிடுடி கண்ணு” என்றாள். குழந்தைக்கு ‘ஏழு’ மட்டும்தான் புரிந்திருக்கிறது. சரியாக ஏழு மணிக்கு அழைத்தாள். நாங்கள் அப்போது திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் இருந்தோம். வீட்டுக்கு வந்து நாங்கள் திருப்பி அழைத்தபோது அவள் தோழியின் பிறந்த நாளுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். என் மனைவி அன்றிரவு போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பத்து மணி வரை உட்கார்ந்திருந்தாள். வாரத்துக்கு ஒரு முறை கேட்கும் குரல், ஒரு ‘முக்கால்’ புரியாததால் அந்த வாரம் கிடைக்கவில்லை.

மறுவாரம் பேத்தியே கேட்டாள்: “பாட்டி, முக்கால்னா மூணு காலா?” ஆமாம், மூன்று கால்தான். நாற்காலிக்கு நாலு கால், முக்காலிக்கு மூன்று கால், கடிகாரத்துக்கும் நாலு கால் என்று பாட்டி சொல்லிக் கொடுத்தாள். குழந்தைக்கு ஒரே குஷி. அவளுடைய ‘குவார்த்தோ’வுக்கும் இரண்டு அர்த்தம் உண்டு, கால் பங்கு என்றும் சொல்லலாம், அறை என்றும் சொல்லலாம். அதை அவள் பிடித்துக்கொண்ட மாதிரியே இதையும் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள்.

மாட்ரிட்டில் வளர்கிற குழந்தைக்குத் தெரியவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. அடையாறில் வளர்கிற குழந்தைக்குத் தெரிகிறதா? எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளை மணி கேட்டால் ‘செவன் ஃபார்ட்டி ஃபைவ்’ என்கிறார்கள். தமிழில் சொல்லச் சொன்னால் ‘ஏழு நாற்பத்தஞ்சு’ வருகிறது. அது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட மாதிரி இருக்கிறது.

நம் முன்னோர்கள் கால், அரை, முக்காலோடு நிற்கவில்லை. அரைக்கால், மாகாணி, காணி என்று இறங்கி 320-ல் ஒரு பங்கான முந்திரி வரை கணக்குப் போட்டார்கள். அந்த வாய்பாட்டை எண்சுவடியில் மனப்பாடம் செய்தார்கள். 1957-ல் நயா பைசா வந்து அணாக் கணக்கு போயிற்று. 25 பைசாவுக்கு நாலணா என்ற பெயராவது ஒட்டிக்கொண்டிருந்தது. 2011 ஜூன் 30-ஓடு அந்த நாணயமும் செல்லாமல் போயிற்று. காய்கறிக் கடையில் கால் கிலோ வெண்டைக்காய் கேட்ட காலம் போய், செயலியில் 250 கிராம் பொட்டலத்தைத் தட்டுகிறோம். ஆக, நம் பின்னக் கணக்கு தினமும் உயிரோடு உலவ மிச்சமிருக்கிற இடங்களில் முக்கியமானது கடிகாரம்தான். அதையும் விட்டால் ‘முக்கால்’ அகராதிக்குப் போய்விடும்.

துல்லியம் வேண்டாமா என்று கேட்பீர்கள். ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான், 19.45-இன் அருமை எனக்குத் தெரியும். ஸ்பெயினிலும் ரயில் அட்டவணையில் 19.45 என்றுதான் போடுகிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நண்பனிடம் சொல்லும்போது ‘ஓச்சோ மேனோஸ் குவார்த்தோ’ என்கிறார்கள். பலகைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. இரண்டையும் வைத்துக்கொள்வதில் அவர்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. நமக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்? ‘ஏழே முக்கால் வாக்கில வாங்கோ’ என்று அழைப்பதில் இருக்கிற இடமும் இதமும் நாற்பத்தைந்தில் வராது.

இதற்காக மாநாடு கூட்ட வேண்டாம், பாடத்திட்டத்தைத் திருத்தச் சொல்லி மனுப் போடவும் வேண்டாம். வீட்டில் முள் கடிகாரம் இருந்தால் பேட்டரி போட்டு, குழந்தையின் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். பேரனோ பேத்தியோ மணி கேட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். புரியவில்லை என்றால், மொழிபெயர்த்துச் சொல்லாமல், கடிகாரத்தின் நாலு காலையும் எண்ணிக் காட்டுங்கள். மாட்ரிட்டிலோ மயிலாப்பூரிலோ, பாட்டி சொன்ன நேரத்துக்குப் போன் வர வேண்டும் என்றால் பாட்டியின் மணி குழந்தைக்குப் புரிய வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது.