வரவும் செலவும்

பார்வேட்டைக்குப் பழையசீவரம் வந்த பேரன், மலைப்படி ஏறும்போது மடக்கினான்: “தாத்தா, ராக்கி மார்சியானோ 49 சண்டையிலும் தோற்கவில்லை. முகமது அலி 5 தடவை தோற்றார். எப்படி அவர் பெரியவர்?”

காலமெல்லாம் பேரேடு எழுதியவன் நான், எண்ணை மதிப்பவன். ஆனால் வியட்நாம் போருக்குப் போக மறுத்த அலியை 1967 முதல் மூன்று வருஷத்துக்கு மேல் குத்துச்சண்டை மேடை ஏறவே விடவில்லை. 25 வயதில் பறிபோன அந்தக் காலத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

மேரி கோமின் 6 உலகப் பட்டங்களில் 3, தாயான பிறகு வந்தவை. புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியாருக்கு மர்செல் செர்தான்தான் பெரியவர். இழந்த பட்டத்தை மீட்கப் புறப்பட்டு, 1949இல் விமான விபத்தில் போய்விட்டவர்.

வரவை மட்டும் கூட்டிக் கணக்கை முடிக்கக் கூடாது. அவர்கள் கொடுத்த விலையையும் எழுத வேண்டும். என் ஓட்டு அலிக்கே. பேரன் இன்னும் ஒப்பவில்லை. அடுத்த பொங்கலுக்கு வரட்டும்.