சக்கரத்தில் எண்ணெய்க் கசிவு: சீலை மட்டும் மாற்றினால் போதாது

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில் விளையும் பருத்தியும் மிளகாயும் மல்லியும் ஒரு காலத்தில் மாட்டு வண்டியில்தான் சந்தைக்குப் போயின. 2005-இல் டாட்டா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் தோஸ்த் வந்தது. இன்று குமாரலிங்கபுரம் போன்ற கிராமங்களுக்குக் கைகொடுப்பவை இத்தகைய சிறு லோடு வண்டிகளே.

விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து இருசுக்கு மை போட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்த பிறகே வண்டி பூட்டியவர்கள் நம் பெரியவர்கள். அந்தக் கவனத்தை லோடு வண்டியிடம் நாம் காட்டுவதில்லை. பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிந்தாலும், "பருத்தி எடுப்பு முடியட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். கசிவு முற்றிய பிறகு ஆயில் சீலை மட்டும் மாற்றுகிறோம். சில மாதங்களில் மறுபடியும் அதே கசிவு. தள்ளிப் போடுவதும் தவறு. காரணம் பாராமல் சீலை மாற்றுவதும் தவறு.

ஏன் இவ்வளவு அக்கறை?

சீலைத் தாண்டி வரும் கியர் ஆயில் பிரேக் டிரம்முக்குள் புகுந்து லைனிங்கை நனைக்கிறது. பிறகு அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. உள்ளே எண்ணெய் குறையக் குறைய பேரிங்கும் கிரவுன் பினியனும் தேயும். சில வகை வண்டிகளில் பேரிங் உடைந்தால் ஆக்சிலோடு சக்கரமே வெளியே வந்துவிடும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு. ஆனாலும் களையெடுப்புக்குப் போகும் பெண்கள் அதே வண்டியில் நின்றுகொண்டு போவதை நாம் பார்க்கிறோம். எனவே இது எண்ணெய்ச் செலவுக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கு.

காரணம் காணும் முறை

முதலில் கசிவது எது என்று தெரிய வேண்டும். கியர் ஆயில் கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். கந்தக நெடி வீசும். பிரேக் ஆயில் நீர்த்திருக்கும். தண்ணீரில் கழுவினால் போய்விடும். அதன் டப்பாவில் அளவும் குறைந்திருக்கும். பிரேக் ஆயில் கசிந்தால் வண்டியை அந்த இடத்தை விட்டு எடுக்கக் கூடாது. கியர் ஆயில் என்றால், ஹவுசிங்கையும் சக்கரத்தின் உட்புறத்தையும் துடைத்துச் சுத்தம் செய்து, சிறிது தூரம் மெதுவாக ஓட்டிப் பார்க்கவும். டயரின் உட்புறம் வழிந்தால் ஆக்சில் சீல். ஹவுசிங்கின் நடுவில், பிரப்பல்லர் ஷாப்ட் சேரும் இடத்தில் சொட்டினால் பினியன் சீல்.

அடுத்து, ஹவுசிங்கின் மேல் இருக்கும் பிரீதரைப் பாருங்கள். ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேறுவதற்கான சிறு வழி அது. கரிசல் மண் அப்பி அடைத்துக்கொண்டால், காற்றழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். அதைச் சுத்தம் செய்யக் காசு செலவில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி எண்ணெய் அளவையும் பாருங்கள். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை இருந்தால் போதும். அதற்கு மேல் ஊற்றினால் கசிவுக்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம். மழைக்காலத்தில் ஓடையில் இறங்கிய வண்டியில் எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. முழுவதும் வடித்து மாற்ற வேண்டும்.

பிறகு பேரிங். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகே சோதிக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு இருக்கிறதா, சுழற்றினால் கரகரப்பு கேட்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த பேரிங்கில் ஷாப்ட் ஆடும். ஆடும் ஷாப்டை எந்தப் புது சீலும் தாங்காது. பேரிங் தேய்வதற்கு அளவு மீறிய பாரமும் ஒரு காரணம்.

மாற்றும்போது

ஷாப்டைக் கழற்றியதும் சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தால் வருடிப் பார்க்கவும். நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். அங்கே ஸ்லீவ் போடுவதோ ஷாப்டை மாற்றுவதோ அவசியம். புது சீலின் உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, அது எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்கும்படி வைத்து, சம அளவுள்ள குழாயால் நேராக உட்கார வைக்க வேண்டும். ஒரு பக்கம் சுத்தியால் அடித்தால் அங்கேயே கோணிவிடும். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண் சிக்கனம். சூடேறியதும் ஊறிய எண்ணெய் திரும்ப வெளிவரும். இரு பின்சக்கரங்களுக்கும் சேர்த்தே ஷூ மாற்ற வேண்டும். இவற்றை மெக்கானிக்தான் செய்வார். ஆனால் கழற்றிய ஷாப்டையும் பழைய சீலையும் காட்டச் சொல்லிக் கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

என் யோசனை

ஒரு நாள் வண்டி நின்றால் வாடகை போய்விடும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் வேலை குறைந்த நாட்களைப் பயன்படுத்தச் சொல்கிறேன். புரட்டாசி விதைப்புக்கு முன் ஒரு முறை, தை அறுவடைக்கு முன் ஒரு முறை பார்த்துவிட்டால் பருவத்தின் நடுவே வண்டி படுக்கும் வாய்ப்புக் குறையும்.

வண்டி வேளாண்மையில் சேராது என்ற எண்ணமும் மாற வேண்டும். கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மை அறிவியல் நிலையமும் இருக்கின்றன. விதை, உரம், பூச்சி மருந்துக்கு நடத்தும் பயிற்சியைப் போல, கிராமத்து ஓட்டுநர்களுக்கு லோடு வண்டிப் பராமரிப்பிலும் அரை நாள் பயிற்சி தருவது அவசியம் என்பது என் கருத்து. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

சொந்த வண்டி இல்லாத சிறு விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. மூட்டை ஏற்றும் முன் பின்சக்கரங்களின் உட்புறத்தை ஒரு முறை குனிந்து பாருங்கள். எண்ணெய் வழிந்திருந்தால், "இதைச் சரி செய்துவிட்டு வாருங்கள், வாடகை உங்களுக்கே" என்று சொல்லுங்கள். நம் விளைச்சலும் நம் ஆட்களும் போகும் வண்டி அது.